க்யூஜிஐஎஸ் டூல்பாரில் பாதி பொத்தான்கள் மங்கிக் கிடக்கின்றன, எதை எப்போது அழுத்துவது?

கேள்வி இதுதான்: க்யூஜிஐஎஸ் (கணினியில் வரைபடம் தயாரிக்கும் மென்பொருள்) நிறுவி இரண்டு வாரம் ஆகிறது. மேலே நாலைந்து வரிசை ஐகான்கள். பாதி மங்கலாக இருக்கின்றன, அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை. மற்றவற்றை அழுத்தினால் என்ன நடந்தது என்றே புரியவில்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா, இல்லை மெனுவிலேயே வேலை பார்த்துவிடலாமா?

மனப்பாடம் வேண்டாம். பல வருடங்களாக என் வேலையே இந்த மென்பொருளில்தான். அன்றாடம் என் கை போகிற பொத்தான்கள் இருபதைத் தாண்டாது. மெனுவில் இருக்கும் கட்டளைகளும் டூல்பாரில் இருக்கும் கட்டளைகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எங்கிருந்து அழுத்துகிறீர்கள் என்பதை விட, அழுத்துகிற அந்த நேரத்தில் பொத்தான் எந்த லேயரிடம் (சாலை, எல்லை என்று வரைபடத்தில் அடுக்கடுக்காக வரும் தரவு) பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். உங்கள் குழப்பத்தில் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

இடது பக்கம் லேயர்ஸ் பேனலைப் பாருங்கள். அதில் ஒரு லேயரின் பெயர் மட்டும் நிறம் மாறித் தேர்வாகி இருக்கும். அதுதான் ஆக்டிவ் லேயர். பெயருக்கு முன்னால் இருக்கும் டிக் குறி, அந்த லேயர் திரையில் தெரிய வேண்டுமா என்பதற்கு மட்டும்தான். டிக் போட்டாயிற்று, லேயர் தெரிகிறது, ஆகவே அதில் வேலை செய்யலாம் என்று புதிதாக வருகிற எல்லோரும் நினைக்கிறார்கள். உதாரணத்துக்கு, சாலை லேயரும் எல்லை லேயரும் இரண்டுமே திரையில் இருக்கின்றன. ஐடென்டிஃபை கருவியை (க்ளிக் செய்ததன் விவரத்தைக் காட்டுவது) எடுத்து ஒரு சாலையின் மேல் க்ளிக் செய்கிறீர்கள். எல்லையின் விவரம்தான் வருகிறது, சாலை வருவதில்லை. காரணம், பேனலில் தேர்வாகி இருப்பது எல்லை. சாலையின் பெயரை ஒரு தடவை க்ளிக் செய்துவிட்டு மறுபடி பாருங்கள், வந்துவிடும். எல்லா லேயரிலிருந்தும் விவரம் வேண்டுமென்றால் ஐடென்டிஃபை முடிவுகள் பேனலின் கீழே இருக்கும் மோடை ‘டாப் டவுன்’ என்று மாற்றலாம்.

மங்கிய பொத்தான்களுக்கு வருவோம். வரைவதற்கான டிஜிட்டைசிங் டூல்பாரில் பாலிகன் (மூடிய பல்கோண வடிவம்) சேர்க்கிற பொத்தானும், முனைகளை நகர்த்தும் வெர்டெக்ஸ் கருவியும் மங்கியிருந்தால், முதலில் அதே வரிசையில் இருக்கும் மஞ்சள் பென்சிலைப் பாருங்கள். அதை அழுத்தினால்தான் ஆக்டிவ் லேயர் திருத்தத்துக்குத் திறக்கும். உடனே மற்ற பொத்தான்கள் வெளிச்சமாகும், லேயர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பென்சில் வந்து உட்காரும். பென்சிலே மங்கியிருக்கிறதா? அப்படியானால் அந்த லேயர் பெரும்பாலும் திருத்தவே முடியாத வகை. டெலிமிட்டட் டெக்ஸ்ட் வழியாகச் சேர்த்த சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை), இணையத்திலிருந்து படமாக வரும் டபிள்யூஎம்எஸ் லேயர், செயற்கைக்கோள் படம் போன்ற ராஸ்டர் (பிக்சல்களால் ஆன படம்) எல்லாம் இதில் சேரும். சிஎஸ்வியாக இருந்தால் லேயர் மேல் வலது க்ளிக் செய்து, எக்ஸ்போர்ட் வழியாக ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வகையாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் புதிய லேயரைத் திருத்தலாம்.

அடுத்து, “என்ன நடந்தது என்றே புரியவில்லை” என்கிறீர்களே, அது. டூல்பாரில் எல்லாப் பொத்தானும் ஒரே மாதிரி தெரிந்தாலும் அவற்றின் குணம் வேறு வேறு. சில பொத்தான்கள் அழுத்திய கணமே வேலையை முடித்துவிடும். ஜூம் ஃபுல் அழுத்தினால் எல்லா லேயரும் திரைக்குள் வந்துவிடும், அவ்வளவுதான். சில பொத்தான்கள் உங்கள் கையில் ஒரு கருவியைக் கொடுக்கும். பேன் (வரைபடத்தை நகர்த்துவது), ஐடென்டிஃபை, அளவெடுப்பது, தேர்வு செய்வது எல்லாம் இந்த வகை. இவற்றை அழுத்தினால் உடனே எதுவும் நடக்காது, கர்சரின் உருவம் மட்டும் மாறும். வேறொரு கருவியை எடுக்கும்வரை அதுவே கையில் இருக்கும். இன்னும் சில, சுவிட்ச் மாதிரி. பென்சிலும், புள்ளிகளைத் தானே ஒட்ட வைக்கும் ஸ்னாப்பிங் காந்தமும் அப்படி. ஒரு தடவை அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப், ஆனில் இருக்கும்போது பொத்தான் அமுங்கிய மாதிரி தெரியும். கருவியை அழுத்திவிட்டு ஏதாவது நடக்குமா என்று காத்திருப்பதும், சுவிட்சை இரண்டு தடவை தட்டிவிட்டு ஒன்றும் மாறவில்லை என்பதும் இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது ஒரு முழு நாளைத் தின்றது. ஆரம்பத்தில் ஒரு நாள் காலையிலிருந்து செயற்கைக்கோள் படத்தின் மேல் கட்டடங்களை ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கன்ட்ரோல் + எஸ் அழுத்தினேன். மாலையில் மின்சாரம் போனது. திரும்ப வந்ததும் ப்ராஜெக்டைத் திறந்தேன். நிறங்கள், லேபிள்கள், கடைசியாக ஜூம் செய்திருந்த இடம், எல்லாம் அப்படியே இருந்தன. கட்டடங்களில் ஒன்றுகூட இல்லை.

டூல்பாரில் ஃப்ளாப்பி படம் போட்ட சேவ் பொத்தான்கள் இரண்டு உண்டு. ப்ராஜெக்ட் டூல்பாரில் இருப்பது, கன்ட்ரோல் + எஸ்ஸும் அதுதான், ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் சேமிக்கும். எந்தெந்த லேயர் எங்கே இருக்கிறது, எந்த நிறத்தில் காட்ட வேண்டும் என்ற குறிப்புகள்தான் அந்தக் கோப்பில் இருக்கின்றன. நீங்கள் வரைகிற கோடும் பாலிகனும் லேயரின் சொந்தக் கோப்புக்குப் போக வேண்டியவை. பென்சிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ‘சேவ் லேயர் எடிட்ஸ்’ பொத்தானை அழுத்தும்வரை அவை கணினியின் நினைவகத்தில்தான் நிற்கும். செட்டிங்ஸ் மெனுவில் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் என்று இருக்கிறது. அங்கே போய் இந்தக் கட்டளைக்கு உங்கள் விரலுக்கு எட்டுகிற ஒரு விசையைக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே செய்யுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: இப்படிச் சேமித்த பிறகு, அதற்கு முந்தைய திருத்தங்களை கன்ட்ரோல் + இசட் போட்டுத் திரும்பப் பெற முடியாது. அதனால் சேமிப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

டெம்பரரி ஸ்க்ராட்ச் லேயரில் (நினைவகத்தில் மட்டும் இருக்கும் தற்காலிக லேயர்) வரைகிறீர்கள் என்றால் இந்தச் சேவும் போதாது. லேயர் பெயருக்குப் பக்கத்தில் சிப் மாதிரி ஒரு சின்னம் தெரியும். அதைக் க்ளிக் செய்து நிரந்தரக் கோப்பாக மாற்றாவிட்டால், மென்பொருளை மூடும்போது லேயரும் போய்விடும்.

தேர்வு கருவிகளிலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் தேர்வு செய்தவை மஞ்சளாகத் தெரியும். ஆனால் ஜூம் செய்து வேறு இடத்துக்குப் போய்விட்டால் அந்த மஞ்சள் கண்ணில் படாது, தேர்வு மட்டும் அப்படியே இருக்கும். இந்த நிலையில் ஃபீல்ட் கால்குலேட்டரை (லேயரின் விவர அட்டவணையில் மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்புவது) திறந்தால் தேர்வானவற்றை மட்டும் மாற்று என்ற டிக் மேலே இருக்கும். அதைக் கவனிக்காமல் ஓகே கொடுத்தால் ஆயிரம் வரிசையில் மூன்று மட்டும் மாறியிருக்கும். எஃப்6 அழுத்தி அட்ரிபியூட் டேபிளை, அதாவது அந்த விவர அட்டவணையைத் திறந்தால், மேலே தலைப்பிலேயே மொத்தம் எத்தனை, தேர்வானவை எத்தனை என்று எழுதியிருக்கும். பெரிய வேலை எதையும் தொடங்குமுன் அந்த எண்ணைப் பார்ப்பது என் பழக்கம். எல்லா லேயரிலும் தேர்வை நீக்க கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + ஏ.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த டூல்பாரைப் பற்றிச் சொல்கிறேன்: ஸ்னாப்பிங். தொடக்கத்தில் பலருக்கு இது இருப்பதே தெரிவதில்லை. ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு நிலத்துண்டுகளை வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை வரைந்து வலது க்ளிக் செய்து முடித்தாயிற்று. இரண்டாவதை வரையும்போது பொது எல்லையின் மேலேயே கவனமாக, புள்ளிக்குப் புள்ளி க்ளிக் செய்கிறீர்கள். பார்க்கச் சரியாக ஒட்டியிருக்கிறது. பத்து மடங்கு ஜூம் செய்து பாருங்கள். ஒரு இடத்தில் மயிரிழை இடைவெளி, இன்னொரு இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும். எவ்வளவு நிதானமான கையாக இருந்தாலும் இதுதான் கதி. பின்னால் பரப்பளவைக் கூட்டும்போதும், இரண்டையும் இணைக்கும்போதும் இந்த இடைவெளிகள் எல்லாம் உயிரை வாங்கும்.

காந்த ஐகானை அழுத்துங்கள், அல்லது வரையும்போதே கீபோர்டில் எஸ் தட்டுங்கள். இப்போது கர்சரை ஒரு முனைக்கு அருகே கொண்டுபோனால் அந்த முனையில் ஒரு சின்னச் சதுரம் தோன்றும். அப்போது க்ளிக் செய்தால் புள்ளி துல்லியமாக அந்த முனையிலேயே விழும். எவ்வளவு அருகே வந்தால் ஒட்ட வேண்டும் என்பதையும் அதே டூல்பாரில் எண்ணாகக் கொடுக்கலாம். 12 பிக்சல் எனக்குப் பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடங்களில் மட்டும் குறைத்துக்கொள்வேன்.

இதோடு ட்ரேசிங்கையும் சேர்த்துக்கொண்டால் வேலை பாதியாகிவிடும். டி விசையைத் தட்டி ட்ரேசிங்கை ஆன் செய்யுங்கள். பொது எல்லையின் தொடக்க முனையில் ஒரு க்ளிக், முடிவு முனையில் ஒரு க்ளிக். நடுவில் இருக்கும் வளைவு நெளிவு அத்தனையையும் மென்பொருளே பின்தொடர்ந்து வரைந்துவிடும். ஆறு மாதிரி நெளிந்து போகிற எல்லையில் நூறு க்ளிக் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டே க்ளிக். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம், அதே டூல்பாரில் ‘அவாய்ட் ஓவர்லாப் ஆன் ஆக்டிவ் லேயர்’ என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், பக்கத்துப் பாலிகனின் மேல் தாராளமாக ஏறி வரைந்தாலும் ஏறிய பகுதியை அதுவே வெட்டிவிடும்.

வரைந்துகொண்டிருக்கும்போது திரையின் ஓரம் வந்துவிட்டால் பேன் கருவிக்கு மாற வேண்டியதில்லை. ஸ்பேஸ்பாரை அழுத்திக்கொண்டு மவுஸை நகர்த்தினால் வரைபடம் கூடவே நகரும். தவறான இடத்தில் புள்ளி வைத்துவிட்டால் பேக்ஸ்பேஸ் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துவிடும். எஸ்கேப் அழுத்தினால் வரைந்த முழுவதும் போய்விடும், அவசரத்தில் இரண்டையும் மாற்றி அழுத்திவிடாதீர்கள்.

அளக்கும் கருவியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பின்னணியை முதல் லேயராகச் சேர்த்தால் ப்ராஜெக்ட் வெப் மெர்கேட்டர் என்ற ப்ரொஜெக்‌ஷனுக்கு (உருண்டையான பூமியைத் தட்டையாகக் காட்டும் முறை), அதாவது இபிஎஸ்ஜி 3857-க்கு மாறிவிடும். நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக இந்தப் ப்ரொஜெக்‌ஷன் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும். 60 பாகை அட்சரேகையில் நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, பரப்பு நான்கு மடங்கு. அளக்கும் ஜன்னலில் கார்ட்டீசியன், எலிப்சாய்டல் என்று இரண்டு தேர்வு இருக்கும். கார்ட்டீசியன் தட்டையான வரைபடத்தில் அளக்கும், எலிப்சாய்டல் பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து அளக்கும், அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்ட் கால்குலேட்டரிலும் இதே கதைதான். டாலர் குறியோடு தொடங்கும் ஏரியா, ப்ராஜெக்டின் எலிப்சாய்டை (பூமியின் வடிவக் கணக்கை) மதிக்கும். டாலர் இல்லாத ஏரியா ஃபங்ஷன் லேயரின் தட்டையான ஆயங்களை வைத்துக் கணக்கிடும்.

ஐகான் கூட்டத்தைக் குறைப்பது சுலபம். டூல்பாரின் காலி இடத்தில் வலது க்ளிக் செய்தால் மேலே பேனல்களும் கீழே டூல்பார்களும் பட்டியலாக வரும். தேவையில்லாதவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஒரு டூல்பார் காணாமல் போனாலும் இதே இடத்தில்தான் தேட வேண்டும். ஐகானுக்குப் பக்கத்தில் சின்ன அம்பு இருந்தால் அதற்குள் இன்னும் சில கருவிகள் இருக்கின்றன என்று பொருள். கடைசியாகப் பயன்படுத்தியது வெளியே வந்து நிற்கும். அதனால் நேற்று தூரம் அளக்கும் ஐகான் இருந்த இடத்தில் இன்று பரப்பளவு அளக்கும் ஐகான் இருந்தால் பதற வேண்டாம்.

ஐகானே நினைவில்லை, பெயர் மட்டும் ஓரளவு தெரியும் என்றால் கன்ட்ரோல் + கே அழுத்துங்கள். கீழே இடது மூலையில் இருக்கும் தேடல் பெட்டிக்குக் கர்சர் போகும். பெயரில் இரண்டு மூன்று எழுத்து தட்டினாலே கட்டளை பட்டியலில் வந்துவிடும். எனக்கும் அபூர்வமாகத் தேவைப்படுகிற கட்டளைகள் எல்லாம் இந்த வழியில்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஏதாவது பொத்தான் மங்கியே இருந்தால் கீழே எழுதுங்கள். லேயர் எந்த வகைக் கோப்பு, பென்சில் ஆனில் இருக்கிறதா, அட்ரிபியூட் டேபிளின் தலைப்பில் தேர்வு எத்தனை என்று காட்டுகிறது, இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பார்த்துச் சொல்கிறேன்.