214 கோடிச் சொச்சம்: ஓர் எண், சில கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். போன கிழமை வகுப்பு முடியும்போது பலகையில் 2147483647 என்று எழுதி, "இது முதன்மை எண்ணா?" (அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுமா?) என்று கேட்டுவிட்டு வந்தேன். அப்புறம் வந்த கேள்விகள் இவை.

சேர், இந்த எண் எங்கிருந்து வந்தது? (மாணவன், கொட்டாஞ்சேனை)

31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள், தம்பி. 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647.

மகள் இரவிரவாகக் கல்குலேட்டரில் வகுத்துக்கொண்டு இருக்கிறாள். எதுவரை போக வேண்டும்? (தாய், தெஹிவளை)

வர்க்கமூலம் வரை, அதாவது 46340 வரை போதும் அக்கா. ஆனால் அதற்குள்ளேயே நாலாயிரத்துக்கு மேல் முதன்மை எண்கள் உண்டு. பிள்ளையைப் படுக்கச் சொல்லுங்கள். குறுக்குவழி இருக்கிறது.

சின்ன உதாரணம்: 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89. இரண்டுமே 22இன் மடங்கோடு ஒன்று கூட்டியவை. 22 என்பது 11இன் இரட்டிப்பு. அதேபோல் நம்முடைய எண்ணுக்குக் காரணி இருந்தால், அது 62இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும். கணித மேதை ஒய்லர் இன்னொரு நிபந்தனையையும் சேர்த்தார்: 248ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63. இப்போது மிச்சம் சுமார் 370 எண்கள்தான். அதிலும் 63, 249 எல்லாம் முதன்மையே இல்லை, தள்ளிவிடலாம். முதலில் அகப்படுவது 311. வகுத்தால் மீதி 35. அடுத்தது நேரே 1303! இப்படியே போய் எதுவும் மீதியின்றி வகுக்காது, ஆகவே இது முதன்மை எண்தான் என்று 1772இல் அவர் அறிவித்தார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முழுவதும் போயிருந்தது. நமக்கு கல்குலேட்டர் இருந்தும் சோம்பல்.

31 முதன்மை எண் என்பதால் இதுவும் முதன்மை என்று எழுதினால் புள்ளி கிடைக்குமா? (அதே வகுப்பு)

கிடைக்காது. 11உம் முதன்மைதான், 2047ஐப் பார்த்தீர்களே.

இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா? (மாணவி, மட்டக்குளி)

மூன்றாகக்கூட முடியாது, தங்கச்சி. 8ஆல் வகுத்தால் மீதி 7. வர்க்கங்களின் மீதி 0, 1, 4 மட்டுமே. மூன்றைக் கூட்டி 7 கொண்டுவந்து காட்டுங்கள் பார்ப்போம். நான்கு வர்க்கங்கள் வேண்டும்.

கணனியில் இந்த எண்ணைக் கண்டால் ஏன் பயப்படுகிறார்கள்? (மென்பொருள் வேலை, பம்பலப்பிட்டி)

32 பிற்றுக்குள் (கணனி பாவிக்கும் 0, 1 இலக்கங்கள் 32க்குள்) கூட்டல், கழித்தல் குறியோடு எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் இதுதான். பழைய கணனிகள் பல 1970 தொடக்கத்திலிருந்து செக்கன்களை அதில் எண்ணுகின்றன. 2038 ஜனவரி 19 செவ்வாய், கொழும்பு நேரம் காலை 8.44.07க்கு எண் நிரம்பிவிடும். திருத்தாத கணனியில் அடுத்த செக்கனில் எண் கழித்தல் பக்கம் புரண்டு, திகதி 1901க்குப் போய்விடும். அந்த நேரத்தில் நான் காலி வீதி நெரிசலில் நிற்பேன்.