ஃபைல் இருக்கு, ஜாவா இல்லைங்குதே? – கேள்வி பதில்

அம்மாபேட்டை மாணவி: அண்ணா, மார்க் லிஸ்ட் ஃபைலை கோடு இருக்கிற ஃபோல்டரிலேயே வெச்சிருக்கேன். ஆனாலும் ஜாவா புரோகிராமை ஓட்டினால் 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்' (ஃபைல் கிடைக்கலை என்ற பிழை) வருது.

அந்த வரியைக் கடைசி வரை படிங்கம்மா. காரணம் அடைப்புக்குறிக்குள்ளே இருக்கும். விண்டோஸில் 'ஆக்ஸஸ் இஸ் டினைடு' என்றிருந்தால், திறக்க அனுமதி இல்லை. அல்லது ஃபைலுக்குப் பதில் ஃபோல்டர் பெயரைக் கொடுத்திருப்பீங்க. 'கெனாட் ஃபைண்ட்' என்றிருந்தால் ஜாவா வேறு இடத்தில் தேடுது. வெறும் பெயரைக் கொடுத்தால், புரோகிராம் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுதோ அங்கேதான் தேடும். எக்லிப்ஸில் (கோடு எழுதும் மென்பொருள்) அது வழக்கமா ப்ராஜெக்டின் மேல் ஃபோல்டர். நீங்க கோடு இருக்கிற 'எஸ்ஆர்சி' ஃபோல்டருக்குள்ளே வெச்சிருப்பீங்க. 'யூசர் டாட் டிர்' ப்ராப்பர்ட்டியை பிரிண்ட் பண்ணிப் பார்த்தால் இடம் தெரிஞ்சிடும்.

இன்னொன்று: ஃபைல் பெயரின் கடைசியில் வரும் வகைக் குறியான எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைச்சு வைக்கும். பெயரோடு 'டாட் டிஎக்ஸ்டி'யும் தட்டி சேவ் பண்ணினால் சில சமயம் அது இரண்டு தடவை ஒட்டிக்கும். பாருங்க.

ஓமலூர் வாசகர்: ஃபைல் கண்டிப்பா இருக்குங்கண்ணா. பிறகு எதுக்கு டிரை–கேட்ச் (பிழையைப் பிடிக்கும் பகுதி) கேட்டு கம்பைலர் (கோடை ஓடும் வடிவத்துக்கு மாத்தும் மென்பொருள்) அடம் பிடிக்குது?

கம்பைலர் உங்க டிஸ்க்கைப் பார்க்கிறதில்லை. ஃபைலைப் படிக்கும் 'ஃபைல் ரீடர்' அந்த எக்ஸெப்ஷனை எறியலாம் என்று அறிவிச்சிருக்கு; அது செக்டு வகை, அதாவது கவனிக்கச் சொல்லி கம்பைலரே கட்டாயப்படுத்தும் வகை. பிடிக்கணும், அல்லது மெத்தட் தலைப்பில் 'த்ரோஸ்' போட்டு மேலே அனுப்பணும். சத்தத்தை அடக்க காலி கேட்ச் மட்டும் எழுதிடாதீங்க. பிழை அப்படியே இருக்கும், அடையாளம்தான் அழிஞ்சிடும். குறைந்தது, பிழை எந்த வரியில் வந்தது என்று காட்டும் 'பிரிண்ட் ஸ்டாக் டிரேஸ்' போடுங்க.

ஏற்காடு, எஸ்டேட் அலுவலகம்: மழையளவு ஃபைல்ங்க. முதல் வரியில் வெறும் 12தான் இருக்கு. அதிலேயே 'நம்பர் ஃபார்மட் எக்ஸெப்ஷன்' (எண்ணா மாத்த முடியலை என்ற பிழை)! ஐஓ எக்ஸெப்ஷனுக்கு (படிக்கும்போதும் எழுதும்போதும் வரும் பிழை) கேட்ச் இருந்தும் விழுது.

12க்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து இருக்க வாய்ப்பு அதிகம். நோட்பேடில் எழுத்துகளைச் சேமிக்கும் முறை 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று சேவ் ஆனால் அது வரும். ஜாவா அதை நீக்காது, ஓரத்து இடைவெளியை நீக்கும் 'டிரிம்' போட்டாலும் போகாது. வெறும் 'யூடிஎஃப்-8' என்று மறுபடி சேவ் பண்ணுங்க. உங்க கேட்ச் பிடிக்காததுக்கும் காரணம் உண்டு: படிக்கிறது நல்லபடியா முடிஞ்சிடுச்சு, எண்ணா மாத்தும்போதுதான் தவறுது. அது கம்பைலர் கட்டாயப்படுத்தாத ரன்டைம் எக்ஸெப்ஷன் வகை, ஐஓ எக்ஸெப்ஷன் குடும்பமே இல்லை.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: கொலுசுப் பட்டறைக் கணக்கில் தமிழ்ப் பெயரெல்லாம் கோணல்மாணலா வருது. எக்ஸெப்ஷனே வரலை.

ஃபைல் சேவ் ஆன எழுத்து முறையும் ஜாவா படிக்கும் முறையும் வேறா இருந்தால் இப்படி வரும். 2022இல் வந்த ஜாவா 18 முதல்தான், நாம சொல்லாட்டியும், எல்லா கம்ப்யூட்டரிலும் யூடிஎஃப்-8 இயல்பு. பழைய ஜாவா என்றால் ரீடரைத் திறக்கும்போதே யூடிஎஃப்-8 என்று சொல்லிடுங்க. அந்த ரீடரை 'டிரை' என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள்ளேயே திறந்தால், ஜாவா 7 முதல், நடுவில் பிழை வந்தாலும் தானா மூடிக்கும்.