அவுட்லுக்கில் சேர்த்து வைத்த பழைய மெயில் ஃபோல்டர்களை தண்டர்பேர்டுக்கு மாற்றுவது எப்படி?

பத்து வருட மெயில், முப்பது நாற்பது ஃபோல்டர், ஒன்றும் கலையாமல் அப்படியே போக வேண்டும், இலவச கன்வெர்ட்டர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். கன்வெர்ட்டரை அப்புறம் பார்க்கலாம். முதலில் அந்த மெயில்கள் எங்கே கிடக்கின்றன என்று பாருங்கள், பாதிப் பேருக்கு மாற்ற வேண்டிய வேலையே இருக்காது.

உங்கள் கணக்கு ஐமேப்பா, பாப்பா (குழந்தை இல்லை, பாப்3)? ஐமேப் என்றால் ஃபோல்டர்கள் மெயில் சேவை தருபவரின் சர்வரிலேயே இருக்கின்றன. தண்டர்பேர்டில் அதே கணக்கைச் சேர்த்தால் தானாக வந்து நிற்கும். பாப் கணக்கில் சர்வரிலிருந்து கணினிக்கே இறங்கிவிட்ட மெயில்களும், சர்வரில் இடம் போதாமல் ஆர்க்கைவ் என்று சொல்லிக் கணினிக்கு இறக்கிக்கொண்டவையும்தான் தலைவலி. அவுட்லுக்கின் அக்கவுண்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் என்ற பகுதியைத் திறந்தால் தெரிந்துவிடும். ஓஎஸ்டி என்று முடியும் கோப்பு சர்வரில் இருப்பதன் நகல், அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பிஎஸ்டி என்று முடிவதில்தான் பெரும்பாலும் உங்கள் சொத்து இருக்கும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், 2013க்கு முந்தைய அவுட்லுக் ஐமேப் கணக்குக்கும் பிஎஸ்டியைத்தான் வைத்துக்கொள்ளும்.

சரி, பிஎஸ்டிதான் என்று வைத்துக்கொள்வோம். தண்டர்பேர்டில் இம்போர்ட் வசதி இருக்கிறது, ஆனால் அது பிஎஸ்டியைத் தானே பிரித்துப் படிக்காது, அதே விண்டோஸ் கணினியில் இருக்கும் அவுட்லுக்கிடம் கேட்டுத்தான் மெயில்களை வாங்கும். அதனால் அவுட்லுக் நிறுவியிருக்க வேண்டும், டீஃபால்ட் மெயில் நிரலாகவும் அதுவே இருக்க வேண்டும், ஒன்று 32 பிட் மற்றது 64 பிட் என்றிருந்தால் இரண்டும் பேசிக்கொள்ளாது. எல்லாம் பொருந்தினால் இதுவே சுலபமான வழி, ஒரு முறை முயன்று பாருங்கள்.

பொருந்தாவிட்டால் நான் செய்வது சர்வரையே பாலமாக்குவது. இடமுள்ள ஏதாவது ஒரு ஐமேப் கணக்கை இரண்டு நிரல்களிலும் சேர்த்துவிடுங்கள். அவுட்லுக்கில் ஃபோல்டரை அந்தக் கணக்குக்குள் காப்பி செய்யுங்கள், அது மேலே ஏறி முடிந்ததும் தண்டர்பேர்டில் தெரியும், அங்கிருந்து லோக்கல் ஃபோல்டர்ஸுக்குள் (உங்கள் கணினியிலேயே இருக்கும் ஃபோல்டர்கள்) இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு நிரல் எந்த வடிவத்தில் சேமிக்கிறது என்ற கவலையே இதில் இல்லை, படித்தது படிக்காதது என்ற குறிகூடத் தங்கிவிடும். மூவ் செய்யாதீர்கள், காப்பி மட்டும். பாதியில் இணைப்பு அறுந்தால் எது போனது எது நின்றது என்று விடிய விடியத் தேட வேண்டியிருக்கும். ஜிமெயிலைப் பாலமாக வைத்தால் பொறுமை வேண்டும்: இலவச இடம் 15 ஜிபிதான், அதிலும் டிரைவுக்கும் போட்டோஸுக்கும் பங்கு உண்டு, ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 500 எம்பி வரைதான் ஏற்ற விடுவார்கள். வருடம் வருடமாகப் பிரித்து, இரவில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். தொடர்புகளும் காலண்டரும் ஐமேப்பில் போகாது, தொடர்புகளை சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகத் தனியே எடுங்கள்.

கன்வெர்ட்டர் விஷயத்துக்கு வருகிறேன். இலவசம் என்று போட்டிருக்கும் பலவற்றில், ஒவ்வொரு ஃபோல்டரிலும் முதல் சில மெயில்களை மட்டும் மாற்றிக் காட்டிவிட்டு மீதிக்குப் பணம் கேட்பார்கள். அதைவிட எனக்குப் பிடிக்காதது, பத்து வருட மெயிலை யாரென்றே தெரியாத ஒரு நிரலிடம் கொடுப்பது. லினக்ஸ் கணினி கைவசம் இருந்தால் லிப்பிஎஸ்டி என்ற தொகுப்பில் ரீட்பிஎஸ்டி என்றொரு கட்டளை உண்டு. அவுட்லுக்கே இல்லாமல் பிஎஸ்டியைப் பிரித்து எம்பாக்ஸ் (ஒரு ஃபோல்டரின் மெயில்களை எல்லாம் ஒரே கோப்பில் வைக்கும் வடிவம்) கோப்புகளாகக் கொடுத்துவிடும். அவற்றை இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்ற ஆட்ஆன் மூலம் தண்டர்பேர்டுக்குள் ஏற்றலாம்.

எம்பாக்ஸ் என்றதும் என் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தண்டர்பேர்டில் வழக்கமாக ஒரு ஃபோல்டருக்கு ஒரு கோப்பு, பின்னொட்டு எதுவும் இருக்காது, உள்ளே மெயிலுக்குக் கீழே மெயிலாக வெறும் எழுத்துதான். பக்கத்தில் அதே பெயரில் எம்எஸ்எஃப் என்று ஒன்று இருக்கும், அது வெறும் இன்டெக்ஸ், தொலைந்தால் தண்டர்பேர்டே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். துணை ஃபோல்டர்கள் எஸ்பிடி என்று முடியும் தனி டைரக்டரிக்குள் இருக்கும். சில வருடங்களுக்கு முன் தண்டர்பேர்டிலிருந்து வேறொரு நிரலுக்கு மாறியபோது, பெரிய கோப்புகளை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்தேன், எஸ்பிடி டைரக்டரிகளை ஏதோ தற்காலிகக் குப்பை என்று விட்டுவிட்டேன். புது நிரலில் எல்லா ஃபோல்டரும் அழகாகத் திறந்தன, சந்தோஷமாகப் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்தேன். ஐந்து மாதம் கழித்து ஒரு காப்பீட்டு மெயிலைத் தேடியபோதுதான் 'வீடு' என்ற ஃபோல்டரின் கீழே இருந்த எதுவுமே வரவில்லை என்று தெரிந்தது. இத்தனைக்கும் வேண்டாம் என்று என்றோ அழித்த விளம்பர மெயில்கள் மட்டும் நூற்றுக்கணக்கில் உயிரோடு வந்திருந்தன! அழித்த மெயில் அந்தக் கோப்பிலிருந்து உடனே போவதில்லை, அழித்தது என்ற குறியோடு அங்கேயே கிடக்கும், காம்பேக்ட் செய்தால்தான் போகும். நான் செய்யவில்லை, புது நிரலுக்கு அந்தக் குறியைப் படிக்கத் தெரியவில்லை.

ஆகவே பின்னாளில் தண்டர்பேர்டிலிருந்து மெயில்களைக் கோப்பாக எடுப்பதாக இருந்தால் காம்பேக்ட் செய்து, தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரொஃபைல் டைரக்டரியை (தண்டர்பேர்டு உங்கள் மெயில்களை வைத்திருக்கும் இடம்) முழுசாகக் காப்பி செய்யுங்கள், எதையும் பொறுக்காதீர்கள். பென் டிரைவ் ஃபேட்32 வடிவில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது, பெரிய ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்வது நல்லது.

எந்த வழியில் போனாலும் கடைசியில் எண்ணிப் பாருங்கள். அவுட்லுக்கில் ஃபோல்டரின் பிராபர்ட்டீஸில் மொத்த எண்ணிக்கையைக் காட்டு என்றொரு தேர்வு இருக்கிறது, தண்டர்பேர்டிலும் ஃபோல்டர் பட்டியலில் மொத்த எண்ணிக்கையைக் காட்டச் சொல்லலாம். துணை ஃபோல்டர்களையும் தனித்தனியாகத் திறந்து ஒப்பிடுங்கள், சலிப்பான வேலைதான். அலுவலக எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர்) கணக்கிலிருந்து வந்த மெயில்களில் சில இடங்களில் அனுப்பியவர் முகவரிக்குப் பதிலாகச் சாய்கோடுகளோடு நீளமாக ஏதோ தெரியலாம், அது எக்ஸ்சேஞ்சின் உள் முகவரி, மெயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் பிஎஸ்டியை அழிக்க வேண்டாம், வேறொரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். அவுட்லுக் கையை விட்டுப் போனாலும் ரீட்பிஎஸ்டியால் அதைத் திறந்துகொள்ளலாம்.