இரண்டு தொடக்க ஆண்டுகளுமே சரியாக இருக்கலாம்

உங்கள் மகள் இருக்கும் கடல் கேடட் யூனிட்டின் (சிறுவர் சிறுமியருக்குக் கடற்படைப் பாணியில் பயிற்சி தரும் அமைப்பின் உள்ளூர்க் கிளை) வரலாற்றை எழுதும்போது, சுவர்ப் பலகையில் 1911 என்றும் பழைய கடிதத்தில் 1920 என்றும் இருப்பதாகச் சொல்லி எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் அடித்துவிடாதீர்கள். பிரிட்டனில் இந்த யூனிட்டுகள் மேலிடத்து உத்தரவால் பிறந்தவை அல்ல, கென்ட்டின் விட்ஸ்டபிளில் 1856இல் நடந்தது போல அந்தந்த ஊர்க்காரர்களே பையன்களைச் சேர்த்துத் தொடங்கியவை. கடற்படைக்கு ஆதரவு திரட்டிய நேவி லீக் என்ற சங்கம் அவற்றில் சிலவற்றை ஆதரிக்க ஆரம்பித்தது 1910இல், அப்புறம் அட்மிரால்டியின் (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை நிர்வாகம்) அங்கீகாரம் கிடைத்து 'நேவி லீக் கடல் கேடட் கோர்' என்ற பெயர் வந்தது 1919இல்தான். ஆக, உங்கள் யூனிட் 1911இல் ஊரில் ஆரம்பித்து 1920இல் லீக்கில் பதிவாகியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டையும் எழுதி, எது எங்கே கிடைத்தது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

ஆவணம் தேட கடற்படையிடம் மட்டும் போகாதீர்கள். 1942இல் அட்மிரால்டி பயிற்சியையும் சீருடையையும் ஏற்றுக்கொண்டது, ஆனால் யூனிட் கட்டடங்களுக்கான நிதி நேவி லீக்கிடமிருந்து வந்தது, இன்று ஒவ்வொரு யூனிட்டும் தன்னார்வலர்கள் நடத்தும் தனி அறக்கட்டளைதான். அதனால் யூனிட்டை நடத்தும் உள்ளூர்க் குழுவின் பழைய கூட்டக் குறிப்புகளையும் உள்ளூர்ப் பத்திரிகைகளையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பழைய படங்களில் பெண்கள் இருந்தால் கவனம்: கடல் கேடட்டில் பெண்களைச் சேர்த்தது 1980இல்தான், அதற்கு முன்பு அவர்களுக்குத் தனி அமைப்பு இருந்தது.