சமீபத்தில் வாசித்த நாவல் எது, இப்போது கையில் இருப்பது எது, அடுத்து எது?

எனக்கு ஊர் இலங்கை மலையகத்தில், அதாவது தேயிலை மலைப் பகுதியில், ஹட்டன் பக்கம். கொஞ்ச நாளாக ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு வாசித்து வருகிறேன். தேயிலைத் தோட்டத்து மக்களையும், தோட்டத்தை விட்டுப் போனவர்களையும் பற்றிய நாவல்கள். புதிதாக வந்தவையைவிடப் பழையவைதான் அதிகம்.

சமீபத்தில் முடித்ததில் ஒன்று 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழுக்குக் கொண்டுவந்தார். பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படை இதுதான். கதை நடப்பது நம் மலையில் இல்லை, வால்பாறைப் பக்கம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் பேச்சை நம்பி மலை ஏறுகிறார்கள். வாங்கிய முன்பணம் கடனாகி, எவ்வளவு உழைத்தாலும் தீராமல் நிற்கிறது. டேனியல் அங்கே தோட்டத்து டாக்டராக வேலை பார்த்தவர். காய்ச்சலும் சாவும் வரும் இடங்களில் எழுத்து பதறாமல் நடந்ததை மட்டும் சொல்லிக்கொண்டு போகும்போது அது தெரிகிறது.

இதில் சில பக்கங்களை ராத்திரியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பென்ஷன் வயது வரை கொழுந்து எடுத்தவர். அட்டைக் கடி வந்ததும், "நாங்களும் கால்ல சவர்க்காரத்தத் தேச்சுக்கிட்டுத்தானே மலைக்குப் போவோம்" என்றார். கடன் கணக்கு வரும் பகுதியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் தன் கதையை ஆரம்பித்துவிட்டார். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கும்போது ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழித்த பிறகு கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். மழை நாளில் கொழுந்து பாரமாக இருக்கும், ஆனால் ஈரக்கழிவும் கூடிவிடும் என்று விவரமாகச் சொன்னார். எந்தெந்தக் கணக்கப்பிள்ளை எப்படிக் கழித்தார் என்பதெல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடம்.

எனக்கு அந்த நாவலில் ஒரு குறை உண்டு. அதன் மனிதர்கள் பட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் நடக்கும் சிரிப்பு, காமன் கூத்து, தண்ணீர்ப் பீலிச் சண்டை, மகளைப் படிக்கவைக்கப் பிடிக்கும் பிடிவாதம், இதெல்லாம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. அதனால்தான் அதை முடித்த கையோடு தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'யை எடுத்தேன். 1974இல் வந்தது. அவர் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், 2022இல் காலமானார். அவர் எழுத்தில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும்கூட நமக்குப் பழகிய முகங்களாக வருகிறார்கள். இரக்கப்படச் சொல்லி அவர் யாரையும் நம் முன்னால் நிறுத்துவதில்லை. மலையக நாவலை எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால், அவருடைய பெயரைத்தான் முதலில் சொல்வேன். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' அதற்கு அடுத்தது.

இப்போது கையில் இருப்பது சயந்தனின் 'ஆதிரை', 2015இல் வந்தது. வட இலங்கையின் வன்னியையும் போரையும் பற்றிய பெரிய நாவல் என்றுதான் பொதுவாகப் பேசப்படுகிறது. ஆனால் தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வன்னிக்குப் போன நம் ஆட்களும் அதில் இருக்கிறார்கள். எங்கள் சித்தப்பா குடும்பமும் அப்படிப் போனதுதான். அதனால் வேகமாகப் புரட்ட முடியவில்லை. அங்கே போயும் அவர்கள் 'தோட்டக்காட்டார்' என்றே இளக்காரமாக அழைக்கப்பட்டது எங்கள் வீட்டில் அடிக்கடி பேசப்படும் பேச்சு. அந்தக் காயத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்பதற்காகவே இந்த நாவல் மேல் எனக்கு மதிப்பு.

இன்னும் ஒரு நாவலைத் தேடிக்கொண்டிருக்கிறேன். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மலையக மக்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணன் அங்கே, தங்கச்சி இங்கே என்று வீடுகள் பிரிந்தன. அவர்களை ஏற்றிப்போன ரயிலை எங்கள் ஆட்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றார்கள். அந்தக் கோச்சியில் ஏறிக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போனவர்களின் வாழ்க்கையையும், ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டவர்களின் வாழ்க்கையையும் ஒரே நாவலில் முழுசாக வாசிக்க வேண்டும். அப்படி ஒன்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.

அடுத்து மு. சிவலிங்கத்தின் 'பஞ்சம் பிழைக்க வந்த சீமை'. மலையகத்தின் 200 வருடத்தை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் போனார்கள். முதலில் தமிழ்நாட்டிலிருந்து வந்து அந்த வழியில் நடந்தவர்களின் காலத்தைக் கதையாக வாசிக்கும் ஆசை அப்போதிருந்தே இருக்கிறது. புத்தகம் வாங்கி வைத்தாயிற்று.

அதற்குப் பிறகு தி. ஞானசேகரனின் 'குருதிமலை', 1979இல் வந்தது. அவரும் தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். டேனியலை வாசித்த சூட்டோடு, நம் மலையில் இருந்த டாக்டர் எதைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பழைய மலையகப் புத்தகங்கள் பலவும் 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன என்றாலும், நாவலை ஃபோனில் வாசிக்க எனக்குப் பிடிக்காது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டவும் புத்தகமாக இருந்தால்தான் வசதி. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் யாரிடமாவது ஒரு பிரதி இருந்தால் இரவல் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.