பணி நிரந்தரப் பட்டியலில் பெயர் சேர்க்க 3 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சியில் குடிநீர்க் குழாய் பராமரிப்பு வேலையில் 13 வருடமாக இருக்கிறேன். முதல் 10 வருடம் மாநகராட்சியே தினக்கூலி கொடுத்தது. கடைசி 3 வருடமாக ஒப்பந்ததாரர் மூலம் சம்பளம். நிரந்தரப் பட்டியல் தயாராகிறது, 3 லட்சம் கொடுத்தால் பெயர் சேர்ந்துவிடும் என்கிறார் ஒருவர். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். அந்த ஆள் எவ்வளவு பெரிய இடத்தைத் தெரியும் என்று சொன்னாலும் வைக்காதீர்கள்.

பணி நிரந்தரம் அரசாணை வழியாக வரும், இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வழியாக வரும். நடுவில் நிற்பவர் கையில் எதுவும் கிடையாது. செராக்ஸ் எடுத்த பட்டியல் ஒன்றை மடித்து வைத்திருப்பார். அதை யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். இப்படி நகையை இழந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இன்னொன்று, 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பவரையும் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். 7 வருடம் வரை சிறை. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம். உங்களோடு வேலை செய்பவர்கள் யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் இதை இன்றே சொல்லுங்கள்.

சரி, உங்கள் உரிமைக்கு வருவோம். அலுவலகத்தில் கேட்டால் 'உமாதேவி தீர்ப்பு இருக்கிறது, முடியாது' என்பார்கள். 2006 ஏப்ரல் 10-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தந்த தீர்ப்பு அது. முறையான தேர்வு இல்லாமல் சேர்ந்தவர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்கிறது. ஆனால் அதே தீர்ப்பில் ஒரு விலக்கு உண்டு, அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. அரசு அனுமதித்த பணியிடம் காலியாக இருக்க வேண்டும். அந்த வேலைக்கு உரிய தகுதி உங்களிடம் இருக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவின் துணையில்லாமல் 10 வருடம் வேலை செய்திருக்க வேண்டும். சேர்த்த முறையில் குறை இருக்கலாம், ஆனால் சேர்த்ததே சட்டவிரோதமாக இருக்கக் கூடாது. இந்த நான்கும் இருந்தால் ஒருமுறை நிரந்தரப்படுத்தலாம். 10 வருடத்தை 2006 ஏப்ரல் 10 வரை கணக்கிட வேண்டும் என்பதால், எழுத்துப்படி பார்த்தால் உங்களுக்கு அது எட்டாது. அதற்காக மனம் தளர வேண்டாம். 2025 ஜனவரி 31-இல் காசியாபாத் மாநகராட்சித் தோட்டப் பணியாளர்கள் வழக்கில், உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தொழிலாளர்களைச் சுரண்ட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலையைத் திரும்பக் கொடுக்கவும், நிலுவைச் சம்பளத்தில் பாதியைத் தரவும் உத்தரவிட்டது. அவர்களை வேலையை விட்டு நிறுத்தியது 2005-இல். 20 வருடம்! இந்த நாட்டில் நியாயம் நடந்து வரும் வேகம் இது.

இரவு 2 மணிக்குக் குழாய் உடைந்தால் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலை நிரந்தரமாம், ஆள் மட்டும் தற்காலிகமாம். பணியிடத்தை நிரப்பாமலே வைத்துக்கொண்டு 'பணியிடம் இல்லை' என்று கோப்பில் எழுதுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

உங்கள் பலம் அந்த முதல் 10 வருடம். அதற்கான தாள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். உங்கள் பெயருள்ள வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல் நகல், உங்கள் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை, இவற்றைக் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள். உங்கள் பிஎஃப் கணக்கையும் பாருங்கள். பிடித்த பணத்தைக் கட்டாத ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள்.

ஒப்பந்ததாரர் மாறும்போது 'பாக்கி எதுவும் இல்லை, புதிதாகச் சேர்கிறேன்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். சேவை தொடர்ச்சியை உடைக்க அதுவே போதும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள். நெருக்கினால், கையெழுத்துக்குப் பக்கத்தில் 'முந்தைய சேவை உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று எழுதி, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகல்கள் வந்ததும் பணி நிரந்தரம் கேட்டு ஆணையருக்கு மனு கொடுங்கள். நேரில் கொடுத்தால் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். முத்திரை போட மறுத்தால் அன்றே பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிட்டு, தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞரை அந்த ரசீதோடு பாருங்கள்.