கிருஷ்ணகிரியில் இருவரும் வேலைக்குப் போகும் வீடு, சாமான் பெருகிவிட்டது. எங்கிருந்து குறைப்பது?

பரணை இப்போது தொடாதீர்கள். ஓசூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் வீட்டில் காலை நெருக்கடி சமையல் மேடையில்தான், அங்கிருந்து தொடங்குங்கள். டிபன் பாக்ஸ்களை எல்லாம் தரையில் பரப்பி மூடியோடு பொருத்திப் பாருங்கள். ஜோடி சேராததும், ரப்பர் வளையம் தளர்ந்து குழம்பு ஒழுகுவதும் அன்றே வெளியேறட்டும்.

அடுத்தது மாவு டப்பாக்கள். கேழ்வரகு தானியமாக நெடுநாள் கெடாது. மாவு சீக்கிரம் கசந்துவிடும். மூட்டை இருக்கட்டும், அரைப்பதை அளவாக அரையுங்கள். பாதி டப்பா காலியாகிவிடும்.

சீராக வந்த பித்தளை அண்டாவை மட்டும் மாமியாரைக் கேட்காமல் எடைக்குப் போட வேண்டாம். அவருக்கு அது வெறும் பாத்திரம் அல்ல.

குறைக்க வேண்டியது சாமானை மட்டுமல்ல. பிள்ளைகள் விரும்பாத டியூஷன் ஒன்றையும் நிறுத்துங்கள். மாலையில் சேர்ந்து சாப்பிட நேரம் கிடைக்கும்.